மஞ்சள் குறி மங்கிய மழைக்காலம்

ஈர மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த அந்த வாடை... எண்பதுகளில் பம்பாய் லோக்கல் டிரெயினில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாட்டுங்காவில் இறங்கி வீட்டுக்குப் போனால் அம்மா நேரே குளியலறையைக் காட்டுவாள்.

மலேரியா ஆராய்ச்சி லேப். என் முதல் வேலை. ஒரு கூண்டில், மலேரியா வந்து மருந்தால் பிழைத்த எலிகள். இன்னொன்றில், நோயே பார்க்காத புது எலிகள். இரண்டுக்கும் கிருமியை ஏற்றினால் பழையவை தாக்குப்பிடிக்குமா, அவற்றின் மண்ணீரல் செல்கள் எப்படிச் சண்டை போடுகின்றன... லேபை நடத்திய மேடத்தின் மூன்று மாத உழைப்பு அது.

கூண்டு மாறினாலும் தெரியவேண்டும் என்று பிழைத்தவற்றின் முதுகில் மஞ்சள் சாயக் குறி வைப்போம். அது என் பொறுப்பு. மங்க மங்க மறுபடி வைக்க வேண்டும்.

கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் காசிம் பாய். திருநெல்வேலிக்காரர். தாராவியில் தோல் பட்டறையை விட்டு வந்து டெம்பரரியாக இருந்தார். அந்த மாதம்தான் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. எலிகளிடம் சாப்பிட்டாயா என்று விசாரிப்பார், நாங்கள் கிண்டல் செய்வோம்.

"குறி மங்கிட்டு வருதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். மறுநாள் எனக்கே மலேரியா.

நான் படுத்திருந்த வாரம் பேய்மழை. ஒரு ராத்திரி கூரை ஒழுகி இரண்டு கூண்டிலும் தண்ணீர். நான் குறி வைத்துவிட்டுத்தான் போயிருப்பேன் என்று நம்பி, எல்லா எலிகளையும் இருட்டில் அள்ளி ஒரே கூண்டில் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார் காசிம் பாய். விடிந்து பார்த்தால் ஒன்றின் முதுகிலும் மஞ்சள் இல்லை. எது பழசு, எது புதுசு... யாருக்கும் தெரியவில்லை.

கிருமியை ஏற்றிப் பார்ப்போம், பிழைப்பது பழசு என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். மேடம் ஒப்பவில்லை. அதைத்தானே நிரூபிக்க வேண்டும் என்றார்.

விசாரித்தபோது நானும் அங்கேதான் நின்றேன். தான்தான் ஒன்றாகப் போட்டதாக காசிம் பாய் இந்தியில் சொன்னார். குறியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நான் அழுதேன்.

"விடும்மா... காய்ச்சல்ல கெடந்த புள்ள நீ. எனக்குப் பட்டறை இருக்கு."

எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தோம். பிழைத்த எலிகள் இரண்டாவது தடவையும் தாக்குப்பிடித்தன, புதியவை செத்தன. ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை.

இப்போது லேப்களில் கூண்டுக்குக் கூண்டு பார்கோடாம். யார் எதை மறந்தார்கள் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். அன்றைக்கு அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். காசிம் பாய் எனக்காகச் சொல்லவில்லை... நானும் எனக்காகத்தான் சொல்லவில்லை.