மயில் குறுக்கே வந்தது, முருகன் துணைக்கு வந்தான்

அறுபத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். விரலிமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுப் புதுக்கோட்டை திரும்பும் வழியில் காரைப் பள்ளத்தில் கவிழ்த்தேன். மனைவி மீனாட்சிக்குத் தொடையெலும்பு முறிந்தது. எனக்கு மூக்கில் ஒரு கீறல். வெளியே சொல்லவே வெட்கம்.

நான் ஓட்டினால் ஆடு மாடெல்லாம் தாமாகவே ஒதுங்கிவிடும். மயிலுக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை போலிருக்கிறது, குறுக்கே வந்துவிட்டது. முருகனின் வாகனத்தை இடிக்கலாமா? சட்டென்று வளைத்தேன். என் வாகனம் சாய்ந்தது.

வலியில் துடித்தபடியே மீனாட்சி கேட்டாள்: “மயிலுக்கு ஒண்ணும் ஆகலையேங்க?”

எலும்புக்குள் கம்பி வைக்க வேண்டும், தாமதித்தால் ஆயுசுக்கும் நொண்டத்தான் வேண்டும் என்றார் டாக்டர். என் ஜவுளிக்கடையோ ஈயோட்டிக்கொண்டிருந்தது. செலவுக்கு வழியில்லை. அழுதேன்.

மச்சினன் யோசனை சொன்னான். “அத்தான், இன்சூரன்ஸ்காரர் வாராரு. லாரிக்காரன் இடிச்சிட்டு ஓடிட்டான்னு சொல்லிருங்க. மயிலுன்னு சொன்னா ஒத்தப் பைசா பெயராது.”

ஆஸ்பத்திரி வாசலில் நின்று விரலிமலைத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். “முருகா, ஒன்னயக் கும்பிட்ட வாயால பொய் வரலப்பா. அவ காலைக் குடுத்துரு. இனிமே என் சுருட்டெல்லாம் ஒனக்குத்தான்.” அவனுக்கு அங்கே சுருட்டு படைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் வாயில் சுருட்டு இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். “யாருங்க இடிச்சது?”

“யாரும் இடிக்கலைங்க. மயில் வந்துச்சு, நான்தான் வண்டிய ஒடிச்சுத் திருப்பினேன்.”

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். ஏஜெண்ட் சிரித்துவிட்டார். “வண்டியில இருக்கிறவங்க வைத்தியத்துக்குன்னு பாலிசியில தனியா ஒரு பகுதி சேர்த்தோமே, மறந்துட்டீங்களா? அதுல தப்பு யாருதுன்னு கேள்வியே இல்லீங்க. அடிபட்டா செலவைக் குடுத்துருவோம். வேற வண்டி இடிச்சுதுன்னு சொல்லியிருந்தாத்தான் போலீசு, கோர்ட்டுன்னு இழுத்திருக்கும்.”

பாலிசி எடுத்த அன்று அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். எதற்கென்று எனக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பி வைத்தார்கள். மறு வருஷம் மீனாட்சி தன் காலாலேயே மலைப்படி ஏறினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். சுருட்டுக் கட்டை அவன் முன்னால் வைத்தேன். பிறகு நான் தொட்டதில்லை.

துன்பத்தில் இருக்கும் அன்பர்களே, அவனை நம்பி உள்ளதைச் சொல்லுங்கள், கைவிட மாட்டான். மயில் வந்தால் மட்டும் பிரேக்கை மிதியுங்கள். அதையும் அவனே செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.