மஞ்சள் பெட்டி மக்ரோனி

2025 மே 5 – ரூ. 240
மே 9 – ரூ. 310
மே 14 – ரூ. 265
மே 19 – ரூ. 570
மே 24 – ரூ. 1,710
ஜூன் 2 – ரூ. 5,700

பேரணாம்பட்டு கோதண்டராமன் பஸ் ஏறி வேலூருக்குப் போய், உறையவைத்த மக்ரோனி சீஸ் பெட்டிகள் வாங்கிய நாட்களும் கொடுத்த பணமும் இவை. அறுபத்தொன்பது வயது வரை அப்படி ஒரு பண்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

தோல் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். சல்பைடு மூட்டையும் ஆசிட் கேனும் எடுத்துக் கொடுத்ததில் மூக்கு பாதி செத்துவிட்டது. மனைவி பூவம்மாள் பீடி சுற்றியவள். இலை நறுக்க உட்காரும்போதே ஒரு சிட்டிகை புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அந்தக் கன்னத்தின் உள்பக்கம்தான் போன வருடக் கடைசியில் புற்றுப் புண் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். ஏப்ரலில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பூவம்மாளின் வாயில் எச்சில் ஊறுவது நின்றிருந்தது. ரசம் எரிந்தது. இட்லி தொண்டையில் நின்றது. கஞ்சியைக் கண்டாலே குமட்டியது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற ஜாஸ்மின் என்ற பெண் விவரமாகச் சொன்னாள். “ஜூன் இருபது செக்கப்புல வெயிட் நாப்பதுக்குக் கம்மியா இருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுதான் ஆவணும்மா. காரம் இல்லாம, கொழகொழன்னு, கொழுப்பு ஜாஸ்தியா ஏதாவது உள்ள போகணும். ஃப்ரோசன்ல மக்ரோனி சீஸ் வருது. சில பேருக்கு அது எறங்குது. ட்ரை பண்ணிப் பாருங்க.”

வெளியே வந்ததும் பூவம்மாள் நின்றுவிட்டாள்.

“மூஞ்சில குழாய் தொங்கவிட்டுக்கினு நம்ம தெருவுல ஒக்கார மாட்டேங்க. அதுக்கு என்னை இங்கயே உட்டுட்டுப் போங்க.”

“குழாய் வராது. நான் பாத்துக்கறேன்,” என்றார் கோதண்டராமன். அப்படிச் சொன்ன பிறகு அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் நாலு விதப் பெட்டி இருந்தது. தெர்மாக்கோல் டப்பாவில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவார். வீட்டில் மைக்ரோவேவ் கிடையாது. கட்டியைத் தட்டிலிருந்து பெயர்த்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, இட்லிக் குண்டானில் ஆவி வைப்பார். முதல் கரண்டி அவருடையது. காரம் இருக்கிறதா, வாயைக் கீறுமா என்று பார்த்த பிறகே அவளுக்கு.

நீலப் பெட்டியைத் திறந்த அன்று பூவம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“இன்னாங்க இது, சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோல் வாடை அடிக்குது?”

“எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

“ஒங்களுக்கு எதுதான் தெரிஞ்சிது? கம்பெனிலருந்து வந்து பக்கத்துல படுப்பீங்களே, எனக்கில்ல தெரியும்!”

நீலத்தில் மிளகு இருந்தது. ஒரு வாயிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புப் பெட்டி பசை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதன் மேலே ரொட்டித் தூள் மொறுமொறுப்பாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்தும் புண்ணில் குத்தியது. மீந்ததையெல்லாம் அவர்தான் தின்றார். மிளகாய்த் துவையல் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டறியாதவர் அந்த மஞ்சள் கொழகொழப்பை மென்று முழுங்கிவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

நாலாவது, மஞ்சள் பெட்டி. இரண்டு வாங்கினார். ஒன்றை அவர் ருசி பார்த்தார்; மிளகு இல்லை, சாறு தளர்வாக இருந்தது. மற்றதைப் பூவம்மாள் முக்கால் மணி நேரத்தில் முழுதும் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “ருசி ஒண்ணும் இல்ல. ஆனா எறங்குது,” என்றாள். கோதண்டராமனுக்கு அது போதும்.

ஜூன் இரண்டாம் தேதி எடை பார்த்தபோது நாற்பது கிலோ அறுநூறு. அன்றைக்கே கடைக்காரர், “இனிமே இந்த மஞ்சள் வராது சார், சப்ளை நின்னுடுச்சு,” என்றார். இருந்த இருபது பெட்டியையும் கோதண்டராமன் வாங்கிவிட்டார். ஒரு நாளைக்கு ஒன்று. செக்கப் வரைக்கும் தாங்கும்.

இருபது பெட்டி அவர் வீட்டுச் சின்ன ஃப்ரிட்ஜில் கொள்ளாது. அடுத்த வீட்டு ஷபீ அஹமதுவிடம் பெரிய டீப் ஃப்ரீசர் இருந்தது. மகன் கோழிக் கடை வைத்து மூடியதில் மிஞ்சியது அது. “கேக்கணுமா அண்ணா? ஃப்ரீசரே ஒங்களுதுதான்,” என்றார் ஷபீ. தினமும் காலையில் மருமகள் இரம் ஒரு பெட்டியை எடுத்து வந்து கொடுப்பாள்.

ஜூன் ஏழு, சனிக்கிழமை, பக்ரீத். காலையில் தெரு முழுக்க அமளி; பெட்டி வரவில்லை. பண்டிகை நாளில் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று கோதண்டராமன் சாயங்காலம் வரை காத்திருந்து, வாழ்த்துச் சொல்ல என்று போனார். ஷபீ வீட்டு வாசலில் குர்பானிக் கறியைப் பங்கு பிரித்துப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் பங்கு, ஏழைகள் பங்கு என்று ஃப்ரீசர் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

இரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா, ஒங்க பெட்டி எதுலயும் கறி படலை. அம்மா நேர்ந்துக்கினு கறி தொடறதில்லையே, எனக்கு நெனப்பு இருந்துச்சு. நேத்து காலைலயே எல்லாத்தையும் எடுத்து, தொடச்சு, புதுத் துணில சுத்தி ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல வெச்சுட்டேன். சீஸ்தானே, கடைலயும் ஃப்ரிட்ஜ்லதானே வெச்சிருக்காங்க.”

வியாதி தீர்ந்தால் கங்கையம்மனுக்குப் பொங்கல் வைப்பதாகவும், அதுவரை கறி தொடுவதில்லை என்றும் பூவம்மாள் வேண்டிக்கொண்டிருந்தது உண்மை. கறியோடு ஒரே ஃப்ரீசரில் கிடந்த பெட்டி என்று தெரிந்தால் தொட்டிருக்கவும் மாட்டாள். முந்தின இரவு கரண்ட் வேறு ஐந்து மணி நேரம் இல்லை. அவர் துணியைப் பிரித்தார். பதினாறு பெட்டிகளும் கைக்கு மெத்தென்று அமுங்கின. ஒன்றிரண்டின் ஓரத்தில் நீர் கசிந்திருந்தது. இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. கெட்டது எதுவும் அவள் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னா அண்ணா, ஏதாவது தப்பாய்டுச்சா?” என்றார் ஷபீ.

“ஒண்ணும் இல்ல பாய். ஈத் முபாரக். இதுங்கள நானே எடுத்துக்கினு போறேன்.”

வீட்டுக்கு வந்து பூவம்மாளிடம் சொன்னார்.

“அவ சரியாத்தான் செஞ்சிருக்கா. நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க.”

“கேக்கல.”

“மூஞ்சியையும் தொங்கப்போட்டுக்கினு போவாதீங்க.”

பெட்டிகளைத் தெருக்கோடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தார். வீட்டுக் குப்பையில் போட்டால் இரம் கண்ணில் படும்.

ஆனால் இரண்டு நாளாய் அந்த வீட்டுக் குப்பையில் ஒரு காலிப் பெட்டிகூட விழாததில் இரம் புரிந்துகொண்டுவிட்டாள். அழுதபடி வந்து, பூவம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். பிறகு தானே மக்ரோனி வேகவைத்து, பாலும் மைதாவும் சீஸும் கிளறிக் கொண்டுவந்தாள். முதல் நாள் கைப்பழக்கத்தில் பச்சை மிளகாய் ஒன்றைக் கீறிப் போட்டுவிட்டிருந்தாள். இரண்டாம் நாள் கட்டி தட்டியது. மூன்றாம் நாள் நன்றாகவே வந்தது. பூவம்மாளும் அவள் முகத்தைப் பார்த்து ஆறு கரண்டி விழுங்கினாள். இரம் போனதும் அதைக் கக்கினாள்.

கோதண்டராமன் பெங்களூரில் இருந்த கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டார். மஞ்சள் பெட்டி எங்கே கிடைக்கும், நோயாளி ஒருத்திக்கு வேண்டும் என்று மட்டும் எழுதினார். ஏஜெண்டைக் கேட்கும்படி பதில் வந்தது. ஏஜெண்ட் சென்னையில் இருந்தார். அவர், கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கோதண்டராமன் மறுபடியும் கம்பெனிக்கு எழுதினார். வேலூரிலும் ஆம்பூரிலும் ஏழு கடை ஏறி இறங்கினார். ஆம்பூரில் ஒரு கடைக்காரர் ஆச்சரியப்பட்டுப்போனார். “இந்த ஊர்ல வந்து மக்ரோனி கேக்கறீங்களே பெரியவரே, பிரியாணி ஒடம்புக்கு ஒத்துக்கலியா?” கோதண்டராமனும் சிரித்துவைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது தூங்கிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தார்.

ஜூன் இருபது. முப்பத்தொன்பது கிலோ முந்நூறு.

பூவம்மாள் தராசிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டாள். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதுதான் சொன்னாள்: “போட்டுடலாங்க. ஒங்களாலயும் முடியல, என்னாலயும் முடியல.”

திங்கட்கிழமை குழாய் போட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கை வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “பாத்துக்கோங்கடி, ஒரே குழாய், கன்னம் நெறைய பிளாஸ்திரி. டிக்கெட்டு இல்ல,” என்றாள். கோதண்டராமன் பாலும் பருப்புத் தண்ணீரும் கேழ்வரகு மாவும் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் நாளைக்கு ஆறு முறை ஊற்றினார். எடை மெல்ல ஏறியது. இரம் மத்தியானங்களில் வந்து, பேச்சுக்காக உட்கார்ந்திருந்தாள். யாரும் மக்ரோனி பற்றிப் பேசவில்லை.

அப்புறம்தான் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நாலு மணிப் பாலை ஊற்றி முடித்துவிட்டு அவர் உறையைக் கிழித்தார்.

“இன்னா எழுதிக்கிறான்?” என்றாள் பூவம்மாள்.

“அந்தச் சரக்கையே நிறுத்திட்டாங்களாம். வேற பெட்டிங்க இருக்காம், வாங்கிப் பாக்கச் சொல்றாங்க.”

“நல்லதாப் போச்சு. வரும்னு எழுதியிருந்தான்னா நீங்க நாளைக்கே பஸ் ஏறியிருப்பீங்க. சட்டையக் கழட்டிட்டுச் செத்த படுங்க.”

அவர் படுத்தார். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை.