மூன்றே முக்கால் மணி மருந்து

"தூங்குறாரா, இல்ல நீங்க தூங்க வெச்சிருக்கீங்களா?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஓர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கணவர் ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில் வேலை செய்தவர். நுரையீரலில் சளி கட்டி, வெண்டிலேட்டரில் கிடந்தார். நான் வேலூரில் நர்ஸாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாராவது சந்தேகப்பட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"டாக்டர் எழுதினபடிதான்மா குடுக்கறோம்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. உறவினர்களுக்குப் பார்வை நேரம் நாலு மணி. மூன்றே முக்காலுக்கு மயக்க மருந்தின் அளவை, அதை நரம்பில் செலுத்தும் பம்பில் ஒரு படி ஏற்றிவிடுவோம். டாக்டர் எழுதிய உச்ச அளவுக்குள்தான். முன்பு ஒருமுறை, அப்பா வாயிலிருந்த குழாயைப் பிடுங்க முயன்றதைப் பார்த்து ஒரு மகன் பெரிய ரகளை செய்துவிட்டான். அன்றிலிருந்து உறவினர்களுக்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவதைத்தான் காட்டினோம். மருந்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'படபடப்பு' என்று எழுதுவோம். அந்த அம்மாவின் கணவருக்குப் படபடப்பே இல்லை. இருந்தும் ஐந்து நாள் என் அழகான கையெழுத்தில் அதையே எழுதினேன்.

ஆறாம் நாள் நுரையீரல் தெளிந்தது. டாக்டர் மருந்தைக் குறைக்கச் சொன்னார். மதியம் அவர் கண் திறந்தார். முரண்டு பிடிக்கவில்லை, எதையும் இழுக்கவில்லை.

"உன் ஆளு தங்கம்டி" என்றாள் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கும் தோழி. "என் ஆளு ரெண்டு தபா உதைச்சிட்டாரு."

நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, சிரித்துக்கொண்டே அவர் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். "எழுத்து எழுத்தா சொல்றேன் பாய். 'அ' வந்தா மட்டும் அழுத்துங்க."

அ வந்தது, போனது. மறுபடி வந்தது. விரல்கள் அசையவில்லை. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன. கத்தி உதைக்கிறவரின் குழப்பம் எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாத குழப்பத்தை 'அமைதி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். மயக்க மருந்து ஜாஸ்தியானால் அந்தக் குழப்பம் வரும் ஆபத்தும் ஜாஸ்தி, சிலர் பழைய ஆளாகத் திரும்புவதே இல்லை என்று படித்துத் தேர்வும் எழுதியவள் நான்.

நாலு மணிக்கு அந்த அம்மா வந்தபோது கணவரின் கைகள் போர்வையின் மேல் வேலை செய்துகொண்டிருந்தன. இரண்டு முனையையும் பிடித்து, உதறி, நீவி, ஓரமாகத் தள்ளி, மறுபடி முதலிலிருந்து.

"தோல விரிச்சு அடுக்கறாரு" என்றார் அந்த அம்மா. "கம்பெனில இருக்காரு. இங்க இல்ல." போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு, "என் மூஞ்சி தெரியுமா இனிமே அவருக்கு?" என்றார்.

"தெரியலம்மா." அந்தச் சீருடையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பார்த்துவிட்டு டெலிரியம், அதாவது புத்தித் தடுமாற்றம் என்றார், மயக்க மருந்தை நிறுத்தினார். "நோயாலயும் வந்திருக்கலாம், மருந்தாலயும் வந்திருக்கலாம். பிரிச்சு சொல்ல முடியாது." மூன்றே முக்கால் பற்றி அவருக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

மறுநாளும் அவர் தோல் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றே முக்கால் ஆனது. தோழி தன் நோயாளியின் பம்பை நோக்கிக் கை நீட்டினாள்.

"வேணாம்டி" என்றேன்.

"உதைப்பாருடி. வூட்டுக்காரங்க பாத்தா பேஜாராய்டும்."

"உதைக்கட்டும்."

அவள் கை பாதியில் நின்றது. என் ஐந்து பதிவுகளுக்கும் கீழே, 'படபடப்பு இல்லை, பார்வை நேரத்துக்காக ஏற்றப்பட்டது' என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமை நர்ஸிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்து நிமிர்வதற்குள், அந்த அம்மா காத்திருந்த வாசலுக்குப் போய்விட்டேன்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களேம்மா" என்றேன். "நான்தான் தூங்க வெச்சேன்."