வெள்ளை கவுனும் ஏழு பொத்தானும்

எமர்ஜென்சி வந்த மறுவருஷம், நல்ல வெயில் காலம். எங்க உப்பளத்து முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கின மனுஷன். பாண்டிச்சேரியில வீடு, மரக்காணத்துல உப்பளம், அதை ஒட்டி சவுக்குத் தோப்புக்குள்ள ஒரு பங்களா. பாட்டன் பூட்டன் காலத்துத் துணிமணியெல்லாம் பெட்டி பெட்டியா அங்க பூட்டி வச்சிருந்தார். பட்டாளத்துக் கோட்டு, வெள்ளைக்காரச்சிங்க போட்ட கவுனு, சரிகை வச்ச தொப்பி. ஒரு சனி ஞாயிறு அதையெல்லாம் கண்காட்சியா வச்சு, பாண்டிச்சேரி பெரிய மனுஷங்களை வரவழைச்சார். சாயங்காலம் அவர் மகனும் கூட்டாளிங்களும் வாள் சண்டை விளையாடிக் காட்டுவாங்க. பாரிசுக்குப் படிக்கப் போன அந்த மகராசன் உருப்படியா கத்துக்கிட்டு வந்தது அது ஒண்ணுதான்.

துணியை மாட்டி வைக்க பொம்மைங்க வரவேண்டியது, வரல. பொம்மை இல்லன்னா என்ன, நம்மகிட்ட ஆளா இல்லன்னுட்டார் முதலாளி. உப்பு வார்ற பொம்பளைங்கள்ல ஒல்லியா ஆறு பேரை மேஸ்திரி பொறுக்கினான், என்னையும் சேர்த்து. ரெண்டு நாளும் அசையாம நிக்கணும். தும்மக் கூடாது, சொறியக் கூடாது, சிரிக்கக் கூடாது. நல்லா இருக்குது போ நியாயம்! ஆனா வெயில்ல கிடந்து சாவறதுக்கு நிழல்ல நிக்கிறது மேல்னு நாங்களும் பல்லைக் காட்டிக்கிட்டு ஒத்துக்கிட்டோம்.

அந்த ஆறு பேர்ல ஒருத்தி என் ஜோடி. உப்பளத்துல ரெண்டு ரெண்டு பேராத்தான் வேலை செய்வோம். காலையில பாத்தியில இறங்கறதுக்கு முன்னாடி அவளுக்கு நான் விளக்கெண்ணெய் தேய்ச்சு விடுவேன், எனக்கு அவ. கை, கால், கழுத்துன்னு ஒரு இடம் விடாம தேய்க்கணும். இல்லன்னா உப்புத் தண்ணி பட்டுத் தோல் வெடிச்சுப் புண்ணாயிடும். அவ புருஷன் வேற ஒருத்தியை இழுத்துக்கிட்டுப் போயிட்டான். இடுப்புல ஒரு பொண்ணுக் குழந்தை. உப்பளத்துக்கு வந்தா சோறு, வரலன்னா பட்டினி. அவ்வளவுதான் அவ கதை.

சனிக்கிழமை விடியக்காலையிலும் உட்கார்ந்து தேய்ச்சிக்கிட்டோம். யோசிக்கவே இல்ல. வேலைக்குப் போறோம், எண்ணெய் தேய்க்கிறோம். “ரெண்டு நாள் நிக்கணும்டி, கால் மரத்துப் போவும், நல்லா அழுத்தித் தேய்”ன்னா. நான்தான் ரெண்டு உள்ளங்கை நெறைய ஊத்தித் தேய்ச்சேன்.

பங்களாவுல துணியைப் பிரிச்சாங்க. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஏழு பொத்தான் வச்ச ஒரு வெள்ளைப் பட்டு கவுனு. பார்த்ததுமே எனக்கு அதும்மேல ஆசை விழுந்துடுச்சு. மேஸ்திரி அதை அவகிட்ட நீட்டிட்டான். எனக்குக் கெடைச்சது எவளோ கிழவி போட்ட கறுப்புக் கம்பளி அங்கி. வயிறு எரிஞ்சுது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்குது? மூஞ்சிக்கெல்லாம் பவுடரை அப்பி எங்களை வரிசையா நிக்க வச்சாங்க.

மத்தியானம் புழுக்கத்துல வேர்வையோட சேர்ந்து எண்ணெயும் இறங்கிடுச்சு. வெள்ளைப் பட்டு, கையெல்லாம் மஞ்ச மஞ்சளா திட்டுத் திட்டா ஆயிப்போச்சு. என் மேலயும்தான் எண்ணெய் வழிஞ்சுது. ஆனா கறுப்புக் கம்பளியில யாருக்குத் தெரியப்போவுது? பார்க்க வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாங்க.

“என்னாடி இது?”ன்னு கத்தினார் முதலாளி. மேஸ்திரி என் பக்கம் திரும்பினான். “ஏய், நீ அவ ஜோடிதான? நீயும் எண்ணெய் தேய்ச்சிக்கிட்டுத்தான் வந்தியா?”

“ஐயோ, நான் இல்லீங்க. இவளுக்குத்தான் அறிவு கெட்டுப்போச்சு, தேய்ச்சிக்கிட்டு வந்துட்டா”ன்னேன்.

அவ என்னைப் பார்த்தா. என் கையைப் பிடிச்சு மோந்து பார்க்கச் சொல்லியிருந்தா போதும், நானும் மாட்டியிருப்பேன். சொல்லல, பாவி. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சொல்லித் தொலைச்சிருந்தா நான் நிம்மதியா அவளை வெறுத்திருப்பேன்.

“நாளையிலேர்ந்து உப்பளத்துப் பக்கம் தலையைக் காட்டாத”ன்னார் முதலாளி. அவ கால்ல விழுந்துட்டா. குழந்தை பேரைச் சொல்லி அழுதா. அப்போ மகன்காரன் சிரிச்சிக்கிட்டே வந்தான். “விடுங்கப்பா, கவுனுதான் வீணாப் போச்சே, நாளைக்கு விளையாட்டுக்கு ஆவும். ஏழு பொத்தானையும் வாள் நுனியால அறுத்துக் காட்டறேன். அசையாம நின்னா இவளுக்கு வேலை உண்டு. அசைஞ்சா இல்ல.” முதலாளி தலையாட்டினார். அவளும் கண்ணைத் துடைச்சிக்கிட்டுத் தலையாட்டினா. வேற என்ன பண்ணுவா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தோப்புல நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. முதல்ல கூட்டாளிங்க மூஞ்சிக்குக் கம்பி வலையை மாட்டிக்கிட்டு, நுனி மழுங்கின வாளால குத்தி விளையாடினாங்க. அப்புறம் அவளை நடுவுல கொண்டாந்து நிக்க வச்சாங்க. அவளுக்கு வலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மகன்காரன் விளையாட்டு வாளைக் கீழ போட்டுட்டு, கண்காட்சியில தொங்கின பழைய பட்டாளத்து வாளை எடுத்தான். அது நிஜ வாள்.

இடுப்புலேர்ந்து மேல ஏறினான். முதல் பொத்தான் தெறிச்சுது. கைதட்டினாங்க. ரெண்டு, மூணு. அவ கண்ணை மூடல. நாலு, அஞ்சு. நெஞ்சுக்கு நேரா அறுத்தப்போ கூட சிலை மாதிரி நின்னா. ஜெயிச்சிடுவான்னு தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம்தான வரணும்? எனக்கு வரல.

வேர்வையில அவ மூஞ்சிப் பவுடர் கோடு கோடா வழிஞ்சுது. என் பக்கத்துல நின்னவ, “மழையில சுண்ணாம்பு கரைஞ்ச செவுரு மாதிரி இருக்குதுடி”ன்னா. நான் சிரிச்சேன். அடக்கியிருக்கலாம், அடக்கல. வாய் விட்டுச் சிரிச்சேன். அத்தனை பேர் சத்தத்துலயும் என் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

கழுத்துக்கிட்ட ஆறாவது பொத்தானை அறுக்கிறப்போ அவ திரும்பிப் பார்த்தா. தலை லேசாத்தான் திரும்புச்சு. வாள் தாவாக்கட்டையைக் கிழிச்சிடுச்சு.

“அசைஞ்சிட்டா”ன்னான் அவன், வாளைத் துடைச்சிக்கிட்டே.

ரத்தம் கவுன்ல சொட்டுச்சு. முதலாளி மூஞ்சைச் சுளிச்சிக்கிட்டு மேஸ்திரியைப் பார்த்தார். அவ எவ்வளவோ கெஞ்சினா. “ஒத்துக்கிட்டுத்தானம்மா நின்ன”ன்னு சொல்லிட்டு அவர் விருந்தாளிங்களைச் சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்.

திங்கக்கிழமை காலையில உப்பளத்து வரப்புல நின்னிருந்தா. தாவாக்கட்டையில துணிக் கட்டு, இடுப்புல குழந்தை. அழல, திட்டல. “மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுடி. எண்ணெய் நீதான் தேய்ச்சு விட்டன்னு கூடச் சொல்ல வேணாம். ரெண்டு பேரும் தேய்ச்சோம், தெரியாம செஞ்சிட்டோம்னு சொல்லு. ரெண்டு பேரையும் எப்பிடிடி நிறுத்துவாங்க?”ன்னா.

அவ சொன்னது சரி. வேலை மும்முரத்துல ரெண்டு பேரை நிறுத்த மாட்டாங்க. அது எனக்கும் தெரியும்.

மேஸ்திரி பத்தடி தள்ளி பீடி பத்த வச்சிக்கிட்டு நின்னான்.

“வெயில் ஏறுதுடி, வழிய விடு”ன்னுட்டு நான் பாத்தியில இறங்கினேன்.