பன்னிரண்டு குழாய்களும் ஏனக்காவும்

அலுவலகத்தில் அவளை ‘ஏனக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. எதை நீட்டினாலும் “ஏன்?” என்பாள். எரிச்சல்படாத ஆளில்லை. ஆனால் இப்படி நாலு பேர் இருந்தால்தான் எந்த இடமும் உருப்படும்.

அந்த முறை வந்தது ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கான மென்பொருள். நோயாளிகளின் பெயர்களைப் பதிந்தால் அதே வரிசையில் ஸ்டிக்கர் அச்சாகும். ஊழியர் அவற்றைக் குழாய்களில் மளமளவென்று ஒட்டிக்கொண்டே போவார். புரோகிராமரோ பெயர்களை டிக்‌ஷனரியில் போட்டு வைத்திருந்தான். கேட்ட பெயருக்குரிய விவரத்தை எடுத்துத் தரும் ஏற்பாடு அது; பதிந்த வரிசையைக் காப்பது அதன் வேலையல்ல.

“வரிசை மாறாதுன்னு யார் சொன்னா?”

“அக்கா, நான் எழுதுற புரோகிராம் மொழியை உருவாக்கினவங்களே புதுப் பதிப்புல உறுதி குடுத்துட்டாங்க. போட்ட வரிசையிலயே வரும்.”

“நல்ல விஷயம்தான். ஆனா புதுப் பதிப்பு உங்க மேசையில இருக்கு. லேப்ல?”

மேலாளர் குறுக்கிட்டார். “போன மாசமும் இப்படித்தான் வெளியீட்டை நிறுத்துனீங்க, ஒண்ணுமே இல்ல. இதுவும் வெறும் சந்தேகம்னா வேற வேலை பாத்துக்கங்க.”

இருந்தாலும் அவள் விடவில்லை. இருவரையும் கையோடு இழுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். பன்னிரண்டு குழாய்களில் சாயத் தண்ணீர் ஊற்றி, முதலில் தன் பெயர், அடுத்து மாமியார் பெயர் என்று பன்னிரண்டு பெயர்களை, பழைய பதிப்பே ஓடும் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் பதிந்தாள். வந்த ஸ்டிக்கர்களை லேப் ஊழியர் வழக்கம்போல ஒட்டினார்.

முதல் குழாயில் மாமியார் பெயர், இரண்டாவதில் அவள் பெயர்!

“பாருங்க, எங்க அத்தையோட சர்க்கரை வியாதி எனக்கு வந்துடுச்சு” என்றாள் ஏனக்கா.

ஊழியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நான் பேரைக்கூடப் படிக்காம ஒட்டுவேனேம்மா!”

புரோகிராமருக்கு முகம் தொங்கிப்போனது. “இப்ப என்னக்கா பண்றது?”

“வரிசை முக்கியம்னா ஒவ்வொரு பேரோடயும் நம்பரைச் சேத்து எழுதி, அந்த நம்பர்படி அச்சடிக்க வைங்க. டிக்‌ஷனரி பாத்துக்கும்னு விடாதீங்க.”

திங்கட்கிழமை அதே பழைய கம்ப்யூட்டரில் பன்னிரண்டும் பிசகாமல் வந்தன. இனி அவள் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஏனக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை புரோகிராமர் தானே நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா, புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன். ஏன்னு கேளுங்க.”