பூவின் அடிப்பக்கம்

பசையக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். உலர்தாவரக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மலையில் பறித்து, அழுத்திக் காயவைத்து வரும் செடிகளை வெள்ளைத் தாளில் ஒட்டுவது. ஒட்டிய தாள் இரும்பு அலமாரிக்குப் போகும். பூச்சி உருண்டை வாசனையில் நூறு வருடம் கிடக்கும். யாராவது ஒரு நாள் எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்காமலும் போவார்கள்.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முன்பிருந்த இயக்குநருக்குப் பூ என்றால் முகம் தெரிய வேண்டும். அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். கவிழ்ந்து காய்ந்த பூவைக்கூட ஆவியில் காட்டி இளக்கி, நிமிர்த்தி, மேலே பார்க்கும்படி ஒட்டுவாள். அடியில் பசையைத் தாராளமாகத் தடவுவாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும், உதிர்வதைப் போட்டு வைக்க ஒரு சின்னக் காகித உறை இருக்கும். அவள் ஒட்டிய தாள்களில் அந்த உறை காலி. அவளுடைய பெருமையே அந்தக் காலி உறைதான்.

பக்கத்து மேஜையில் பத்து வருடம் இருந்தவருக்கு உதிரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவர் பசையைத் தொட்டும் தொடாமலும் வைப்பார். தாளை அலமாரியிலிருந்து எடுத்தாலே பூ கழன்று உறைக்குள் போய்ச் சேரும். 'நீங்க ஒட்டுறீங்களா, தூவுறீங்களா அண்ணே' என்று கேட்பாள். 'செடி கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்மா' என்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, கை ஓய்ந்த நேரமெல்லாம் அவர் தாள்களை எடுத்துச் சரிசெய்வதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டாள்.

அவள் மனதில் தைத்திருந்த செடி ஒன்று உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மலைப்பூ. ஒரு சாண் உயரம். சுற்றிலும் ஊதா, நடுவில் மஞ்சள். பார்ப்பவர்கள் ஒரு பூ என்பார்கள். உண்மையில் அது ஒரு கூட்டம். ஊதா இதழ் ஒவ்வொன்றும் ஒரு பூ, நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பூ. நூறு பூவையும் கீழே பச்சைச் செதில்களால் ஆன ஒரு கிண்ணம் ஏந்தியிருக்கும்.

இந்தப் பூ கீழ்ப் புல்வெளியிலும் உண்டு, உச்சிப் பாறைகளிலும் உண்டு. இரண்டும் ஒன்றே என்று எழுதி வைத்திருந்தார்கள். மலையின் செடிகளைப் பற்றிய பெரிய புத்தகத்தின் கடைசிப் பகுதி அச்சுக்குப் போகவிருந்தது. அதிலும் அப்படியே வரப்போகிறது என்று தெரிந்ததும் பசையக்கா ஆய்வாளரின் அறைக்குப் போய் நின்றாள். ஆய்வாளர் வயதில் சின்னப் பெண். மரியாதை தெரிந்தவள்.

"பாறைமேல இருக்கறது வேற செடிம்மா," என்றாள் பசையக்கா.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டாள். பசையக்கா தூரிகை பிடிக்கும் கையை நீட்டிக் காட்டினாள். புல்வெளிப் பூவின் அடியில் செதில் ஒரே வரிசை, எல்லாம் ஒரே நீளம், தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். பாறைப் பூவின் அடியில் கூரை ஓடு மாதிரி நான்கு வரிசை, மேல் வரிசை நீளம், கீழே போகப் போகக் குட்டை. அதோடு பிசுபிசுப்பான மயிர். தூரிகை சிக்கும், விரலில் ஒட்டும், அவள் திட்டிக்கொண்டே ஒட்டுவாள்.

ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். செதில் வரிசை வேறு என்றால் செடியே வேறாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று வெவ்வேறு இடத்துச் செடிகளில் காட்டினால் போதும், தனிப் பெயரோடு சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் புத்தகம் அப்படியே அச்சுக்குப் போய்விடும். அடுத்த பதிப்பு வருவதற்குள் அவர்கள் இருவருமே ஓய்வு பெற்றிருப்பார்கள். மலைப்பாதை பனியில் மூடிவிட்டது, புதிதாகப் பறித்து வர வழியில்லை. புகைப்படங்கள் இருந்தன. எல்லாமே மேலிருந்து எடுத்தவை.

அலமாரியில் இருந்த பாறைச் செடித் தாள்கள் நாற்பத்தொன்று. இருவரும் நீள மேஜையில் பரப்பினார்கள். ஆய்வாளர் உருப்பெருக்கியோடு குனிந்தாள். பத்தாவது தாளில் உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டாள். பசையக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பூவும் முகத்தை மேலே காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. அடிப்பக்கம் தாளோடு தாளாகக் காய்ந்து கிடந்தது. அந்த அடிப்பக்கத்தைப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பார்த்த கையோடு பசை தடவி மூடியவளும் அவள்தான்.

"அக்கா, ஒண்ணாவது சாய்ஞ்ச மாதிரி ஒட்டியிருக்கக் கூடாதா?"

பசையக்கா தாள்களை அடுக்கி வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுபவர், எதையும் சுருக்கமாகப் பார்ப்பவர். 'பிச்சு எடுக்க வேண்டியதுதானே' என்றார். அவள் வாங்கிய வெள்ளைப் பசை தண்ணீருக்கு இளகாது, அதற்காகவே சண்டை போட்டு வாங்கினாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, இதையாவது ஒட்டாமல் வைத்தாயே என்றார்.

மறுநாள் காலை, சரிசெய்ய வேண்டியவை என்று தானே எழுதி ஒட்டிய பெட்டியைத் திறந்தபோதுதான் அவளுக்கு உதிரி அண்ணனின் ஞாபகம் வந்தது. பதிவேட்டைப் புரட்டினாள். பாறைச் செடியில் அவர் ஒட்டியது ஆறு. அதில் நான்கை அவள் ஏற்கெனவே சரிசெய்துவிட்டாள். உறையில் கிடந்த பூக்களையெல்லாம் எடுத்து, முகம் மேலே பார்க்க, அழுத்தமாக. மீதி இரண்டு பெட்டிக்குள் இருந்தன. இரண்டின் உறையும் பிதுங்கிக்கொண்டிருந்தது. கவிழ்த்தாள். பூக்கள் தட்டில் விழுந்து, அடியைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நான்கு வரிசை. ஒரு ஊசிமுனைப் பசைகூட இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு போதாது, மூன்று வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னாள். குரலில் கெஞ்சல் இருந்தது. அவளுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். தான் சரிசெய்த நாலு தாளிலும் பசையக்கா ஆவி காட்டிப் பார்த்தாள். பூ மேலே வந்தது, செதில் தாளோடு தங்கியது. அவள் ஒட்டியதில் நல்லதாக ஒன்று மிச்சமிருந்தது. இயக்குநர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய தாள். உச்சிப் பாறைச் செடி, ஒரே வேரில் ஏழு பூ. வகுப்புப் புகைப்படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஏழும் நேராகப் பார்க்கும். வரும் விருந்தாளிகளையெல்லாம் அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். பாறைச் செடியில் அவள் முதன்முதலில் ஒட்டியது அதுதான், அப்போது வெள்ளைப் பசை வந்திருக்கவில்லை. மாவுப் பசை. இளகினாலும் இளகும்.

இப்போதைய இயக்குநர் யோசித்தார். அது அலங்காரத்துக்கு இருக்கிறதே என்றார். செய்தவளே கேட்கிறாளே என்று பிறகு சரி என்றார். சட்டத்தை அவளே கழற்றினாள். சுவரில் வெளுக்காத ஒரு சதுரம் தெரிந்தது.

முதல் பூ தொட்டதும் பொலபொலவென்று போயிற்று. ஊதா தனி, மஞ்சள் தனி. நூறு பூவும் நூறு பக்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கிண்ணம் பாதியாகக் கிழிந்தது. ஆய்வாளர் போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். பசையக்கா தலை நிமிரவில்லை. நாலாவது, ஐந்தாவது. ஆறாவதின் அடியில் சவரத் தகட்டை நுழைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாள். கிண்ணத்தோடு வந்தது. உருப்பெருக்கியில் ஆய்வாளர் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஓரத்தில் மயிர்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பக்கம் அச்சுக்குப் போயிற்று. பாறைச் செடி தனி எண்ணோடு, தனிப் பெயரோடு இருந்தது. கீழே சான்றுத் தாள்களின் பட்டியல். இரண்டு தாளுக்கு நேராக நல்ல நிலை என்று இருந்தது. இரண்டும் உதிரி ஒட்டியவை. மூன்றாவதற்கு நேராகச் சிதைந்தது என்று இருந்தது.

"வேற வார்த்தை போட்டுடட்டுமாக்கா?" என்று ஆய்வாளர் கேட்டாள்.

"சிதைஞ்சதைச் சிதைஞ்சதுன்னுதானே போடணும்."

வெளியே வந்து உதிரி அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் ஏதோ மென்றுகொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார்.

"அப்ப நான் ஒட்டாததுதான் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு," என்றார்.

"ரொம்ப ஆடாதீங்க அண்ணே. நாலை நான் கெடுக்காம இருந்திருந்தா ஆறு இருந்திருக்கும்."

"கெடுத்தேன்னு நீ சொல்லிக் கேட்க இத்தனை வருஷம் ஆச்சு. வை, வை. டீ ஆறுது."

மேஜைக்குத் திரும்பினாள். தாளில் ஒரே ஒரு பூ மிச்சம் நின்றது. ஏழாவது. அவள் அதைத் தொடவில்லை. தட்டில் சிதறிக் கிடந்த ஊதாவையும் மஞ்சளையும் தூரிகையால் கூட்டினாள். ஆறாவது பூவின் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் தாளின் மூலையிலிருந்த உறையைத் திறந்தாள். மடிப்பு விறைத்துப்போயிருந்தது. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது.