கட்டிலுக்கு அடியில் ஒரு கதவு

மலேசியாவில், மூவார் ஆற்றங்கரைக் கடைவரிசையில் ஒரு பழைய கட்டடத்தை அளக்கப் போன முதல் நாளே, என் அளவு நாடாவைப் பிடுங்கி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எறிந்தவர் ஹபீபாக்கா. கீழ்த்தளத்தில் வாடகைக்கு மளிகைக் கடை நடத்துகிறவர்.

"அளக்கறவன் பின்னாலயே இடிக்கறவன் வருவான். ஒன் மொதலாளிக்கிட்ட போய் சொல்லு தம்பி."

எனக்கும் கோபம் வந்தது. லாபிஸ் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகன் நான். கட்டடக்கலை படித்து, எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பதில் சொல்ல நிமிர்ந்தபோதுதான் தலைக்கு மேலே, மாடித் தளப் பலகையில் இருந்த சதுரக் கதவைப் பார்த்தேன். அதன் வழியாகத்தான் சாமான் ஏற்றுவார்களா என்று கேட்டேன். அக்கா நாடாவைத் தேடி எடுத்து, துடைத்துக் கொடுத்தார். பிறகு தேநீர் வந்தது.

முகப்பில் சுண்ணாம்பில் வார்த்த 1926. முன்னால் அஞ்சடி நடைபாதை, நடுவில் வானம் பார்த்த முற்றம். கட்டியவர்களுக்கு அந்த ஆற்றைத் தெரிந்திருக்கிறது. ஆண்டுக் கடைசியில் கடல் பெருகினால் தண்ணீர் கடைக்குள் வரும். அப்போது மேல்கதவைத் திறந்து, உத்தரத்துக் கப்பியில் கயிறு போட்டு மூட்டைகளை மாடிக்கு இழுப்பார்கள். அந்த வரிசையில் அவ்வளவு அகலமான கதவு வேறு கடையில் இல்லை. அதனால் அக்கம்பக்கத்துச் சாமானும் இங்கேதான் வரும். அடுத்தவர் சாமான் முதலில், நம்முடையது கடைசியில்: இது அக்காவின் மாமனார் காலத்து வழக்கம்.

கட்டடத்தை வாங்கி என்னை அளக்க அனுப்பிய ஹேமநாதன் ஜோகூர் பாருக்காரர், சிங்கப்பூரில் தொழில். மாடியைத் தங்கும் அறைகளாக்க ஆசைப்பட்டார். மேல்கதவை அடைக்கக்கூடாது என்று என் வரைபடத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தேன். சிரித்தார்.

"கீழருந்து மசாலா வாடை வந்தா எவன் லா ரூம் எடுப்பான்?"

கதவின்மேல் பிளைவுட் அடித்தார். அதன்மேல் பெரிய கட்டில் போட்டார். கட்டிலுக்கு மேலே சுவரில், 'நூறாண்டுப் பாரம்பரியம்' என்று சட்டம் போட்டு மாட்டினார். இன்றும் நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவர் வந்து போகும் நேரமெல்லாம், கதவைத் திறந்துவிடும்படி அக்கா கேட்டுப் பார்த்தார். உயரமான பிளாஸ்டிக் அலமாரி வாங்கிக்கொள்ளச் சொன்னார் அந்த மனிதர்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் தண்ணீர் அஞ்சடி நடைபாதையைத் தாண்டிக் கடைக்குள் வந்தது. அக்கா போன் செய்தார், ஓடினேன். அதற்குள் பழக்கதோஷத்தில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் இங்கேயே வந்துவிட்டிருந்தார்கள். பக்கத்துச் சீன மருந்துக்கடைக்காரர் வேர்மருந்து இழுப்பறைகளைத் தலையில் சுமந்தபடி, முழங்கால் தண்ணீரில், அடைத்த கதவை அண்ணாந்து பார்த்து நின்றார். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த இழுப்பறைகளில் இருந்தது.

அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அன்று அங்கே வந்திருந்த ஹேமநாதன், அறை வாசலில் மறித்தார்.

"அக்கா, இது என் சொத்து."

"சொத்து ஒன்னோடதுதான். தண்ணி யாரோடது? அதுகிட்டயும் இப்படி நின்னு சொல்லு, போ."

கட்டிலைத் தள்ளியது நான். அதில் எனக்குப் பெருமைதான். பிளைவுட் பிளந்தது, கயிறு இறங்கியது. மருந்து இழுப்பறைகள் முதலில் ஏறின. அக்காவின் அரிசி கடைசியில், பாதி நனைந்துபோயிருந்தது. ஹேமநாதன் அத்தனையையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு மூட்டைக்குக்கூடக் கை கொடுக்காமல்.

அந்தப் படத்தை வைத்து அக்காமேல் வழக்குப் போட்டார். அதே படத்தில் ஒரு துண்டை வெட்டி, பழமை மாறாத மேல்கதவு என்று விடுதி விளம்பரத்திலும் போட்டிருக்கிறார். அதில் கயிறு தெரிகிறது. இழுத்த கைகளை வெட்டிவிட்டார்.

ஹபீபாக்கா இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார். வழக்கு முடியவில்லை. மேல்கதவு திறந்திருக்கிறது.